ஆடிக் கிருத்திகையில் எடுத்த மொட்டை

காஞ்சனா மொட்டையடித்துக்கொண்டது வேண்டுதலுக்காக இல்லை. அண்ணன் கண்ணில் படாமல் ரயிலேறுவதற்காக.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, ஆடி மாதம். அவள் பள்ளிப்பட்டில் நான்கு தறி ஓடிய வீட்டுப் பெண். கங்காதரன் அந்த வீட்டுத் தறிகளுக்குப் பாவு நூல் நீட்ட வந்த சேரிக்காரன். எல்லையம்மன் முன்னால் அவன் அவளுக்குத் தாலி கட்டினான். மறுநாள் அவள் அண்ணன் ஜம்புலிங்கம் சேரிக்குப் போய்க் கங்காதரனின் அப்பா குடிசைக்கு நெருப்பு வைத்தான். தடுக்க வந்த கிழவரின் கையை உலக்கையால் அடித்து முறித்தான். "ரெண்டு தலையும் வர்ற வரிக்கும் எங்க வூட்ல அடுப்பு எரியாது" என்று சொல்லிவிட்டு வந்தான். அது போதாதென்று, தங்கை நகையோடு ஓடிவிட்டாள், கங்காதரன்தான் திருடன் என்று போலீஸிலும் எழுதிக் கொடுத்தான். அவள் கொண்டுபோனது மாற்றுப் புடவை ஒன்று.

இனி இங்கிலீஷ்காரன் சீமையில் எந்த ஊருக்குப் போனாலும் பிடித்து வந்து அண்ணன் கையில்தான் கொடுப்பார்கள். பிரெஞ்சுக்காரன் ஆளுகிற புதுச்சேரிக்குள் அந்தப் போலீஸ் கை வைக்க முடியாது. அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம். மலையடிவாரக் குளத்தங்கரையில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காஞ்சனாவுக்கு முழங்கால் வரை முடி. அந்த முடியைத் தேடித்தான் ஜம்புலிங்கத்தின் ஆட்கள் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, முருகனுக்கு இந்த வருசம் நல்ல அறுவடை போல" என்றார் நாவிதர். அவள் சிரிக்கவில்லை. கத்தி இரண்டு இடத்தில் கீறியது. எரிச்சல் தெரியவில்லை. பயந்து களைத்த உடம்பு அப்படித்தான் இருக்கும். வலி பிறகு வரும். சந்தனத்தை அப்பிக்கொண்டு எழுந்தாள். பிறகு கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டாள்.

கங்காதரன் பதறினான். "தாலிய அவுக்காதீங்க. ஆகாதுங்க."

"தலையப் பாக்கறவன் கழுத்தப் பாக்க மாட்டானா? புதுக் கயிறு பளிச்சுனு காட்டிக் குடுத்துடும். முன்னால நடங்க."

ஸ்டேஷன் வாசலில் ஜம்புலிங்கம் நின்றான். தோளில் துண்டு, துண்டுக்குள் நீளமாக ஏதோ. கங்காதரன் ஒரு காவடிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு முன்பே உள்ளே போய்விட்டான். மொட்டைத் தலைகள் நூறு போயின. அவளிடம் வந்தபோது, "வழி வுடும்மா" என்று அவளை ஒதுக்கிவிட்டு அவள் பின்னால் கூட்டத்தை எட்டிப் பார்த்தான். கூடப் பிறந்தவன். அவளுக்கு அழுகை வரவில்லை. கங்காதரன் டிக்கெட் வாங்கியிருப்பானா என்றுதான் யோசித்தாள்.

அரக்கோணத்தில் ஒரு வண்டி, செங்கல்பட்டில் ஒரு வண்டி, விழுப்புரத்தில் ஒரு வண்டி. வழியெல்லாம் கங்காதரன் அவளை "வாங்க, உக்காருங்க" என்றான். முதலாளி வீட்டுப் பெண்ணிடம் பழகிய வாய்.

"பொண்டாட்டிய எவனாவது 'ங்க' போட்டுக் கூப்புடுவானா? 'வாடி'ன்னு சொல்லு, பாக்கலாம்."

அவன் வாயைத் திறந்தான், மூடினான். "வரலைங்க" என்றான்.

புதுச்சேரியில் தங்க வருகிறவர்கள் போலீஸ் கச்சேரியில் பெயர் பதிய வேண்டும் என்று ஸ்டேஷனிலேயே சொல்லி அனுப்பினார்கள். கச்சேரியில் எழுதுகிறவர் சாமிநாதன். நடுவயது, மூக்கு நுனியில் கண்ணாடி. காஞ்சனாவை மேலிருந்து கீழே பார்த்தார். மொட்டைத் தலை. வெறும் கழுத்து. சந்தனம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

"புருசன் செத்து எவ்ளோ நாளாச்சும்மா?"

திருத்தணியில் மொட்டை என்றால் முருகன். இங்கே வேறு அர்த்தம் என்று அவள் யோசித்திருக்கவில்லை. மடியிலிருந்து தாலியை எடுத்துக் காட்டினாள்.

"ஆமாம்மா, அறுத்ததை வச்சிருப்பாங்க" என்றார் அவர், இரக்கமாகவே. கதவோரம் நின்ற கங்காதரனைப் பார்த்தார். "அது யாரு? கூடப் பொறந்தவனா? இல்ல வேற மாதிரியா? மறைக்காம சொல்லு. சோடின்னா உங்க ஊர் மணியக்காரருக்குக் கடுதாசி போட்டுக் கேட்டுட்டுத்தான் பதிவேன். அண்ணன் தங்கச்சின்னா இப்பவே எழுதிடலாம்."

மணியக்காரருக்குக் கடிதம் போனால் மறுநாள் ஜம்புலிங்கத்துக்குத் தெரியும். பொண்டாட்டி என்று சொன்னால் வெளியே. தங்கை என்று சொன்னால் உள்ளே. காஞ்சனா கணக்காக யோசித்தாள், மாவுக்குத் தண்ணீர் அளப்பவளைப் போல.

"எங்க அண்ணன்" என்றாள்.

"செத்துப்போன புருசன் பேரு?"

புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள், சொன்னால் ஆயுள் குறையும் என்பார்கள். சாமிநாதன் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார். வேறு பெயர் ஒன்று அவள் வாயில் வந்திருக்கலாம். வரவில்லை.

"கங்காதரன்" என்றாள்.

கதவோரம் நின்றவன் நிமிர்ந்து பார்த்தான்.

"உன் பேரு இன்னாப்பா?"

"தங்கவேலுங்க" என்றான் அவன். அது அவன் அப்பாவின் பெயர்.

அன்றிலிருந்து அவன் தங்கவேல். குடிவைத்த வீட்டுக்கார அம்மாள் அன்னம்மாள், விதவைப் பெண் என்பதால் காஞ்சனாவைத் தன்னோடு பின்கட்டில் படுக்க வைத்தாள். அவனுக்கு வாசலில் பாய். அவனுக்குச் சோறும் அன்னம்மாள்தான் போட்டாள். அவன் "ங்க" போடுவதைக் கேட்டு, "தங்கச்சிக்கு இவ்ளோ மரியாதையா?" என்று அன்னம்மாள் கேலி செய்தாள். காஞ்சனாவுக்கு முடி வளர்ந்தது. பூ வைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் துடைக்கிற வேலை கிடைத்தது. மலம், சீழ், படுக்கைப் புண் எதற்கும் முகம் சுளிக்காதவள் என்று பெயரெடுத்தாள்.

தை மாதம் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவர் கச்சேரிக்கு வந்து, திருட்டு வழக்கில் பள்ளிப்பட்டுக் கங்காதரன் இங்கே பதிந்திருக்கிறானா என்று கேட்டார். சாமிநாதன் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். "அவன் செத்துட்டானே. சம்சாரம் எழுதி வச்சிருக்கு." வந்தவர் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

சாமிநாதன் வழியில் பார்த்துச் சொன்ன இதைச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கங்காதரன் அவளிடம் சொன்னான். "இனி தேட மாட்டாங்க. நான் செத்தது செத்ததாவே இருக்கட்டுங்க."

"ஆங்" என்றாள் காஞ்சனா. உள்ளே ஒரு கிழவியைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம். போய்விட்டாள்.