வஹாக்காவில் எங்கள் ஆட்கள் இல்லை

மெக்சிகோவின் தெற்கே வஹாக்கா என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. டொரோண்டோவுக்குப் போகிறேன் என்றால் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. லண்டன் என்றால் எப்போது திரும்புவீர்கள் என்றுதான் கேட்பார்கள். வஹாக்கா என்றால் மட்டும் பாரிசில் எங்கள் சனம் கடை வைத்திருக்கும் லா சப்பலில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: “அங்கை உங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?”

ஒருவரும் இல்லை. அதற்காகவே போக வேண்டும் என்றால் ஒருவருக்கும் விளங்குவதில்லை.

ஃபொபூர் சேன்-தெனி வீதியின் மேல்முனையில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். மாலை, உதிரிப்பூ, வாழையிலை, கற்பூரம், குத்துவிளக்கு என்று நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வேண்டியது அங்கே கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் கடைசியில், தீபாவளிச் சனத்துக்குள் இடிபட்டுக்கொண்டு ஒரு மெக்சிகோப் பெண் வருவார். கடையில் நாங்கள் அவரை மெக்சிகோ அக்கா என்போம். பாரிசில் வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலை. தோடம்பழ நிறச் செவ்வந்தியில் கை நிறைய, ஒரு கட்டு வாழையிலை, ஒரு பை செத்தல் மிளகாய். முதல் முறை எந்தக் கோயிலுக்கு என்று கேட்டேன். கோயிலுக்கு இல்லையாம். நவம்பர் பிறந்ததும் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். இந்தப் பூவின் நிறமும் மணமும்தான் அவர்களுக்கு வழி காட்டுமாம். மேசையில் அவர்களுக்குப் பிடித்ததை வைப்பாராம்.

“நாங்களும் படைக்கிறனாங்கள்தான். அப்பாவுக்குச் சுருட்டு வைப்பம்” என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

“என் அப்பாவுக்கு சிகரெட்” என்றார் அவர். அப்படித்தான் பழக்கமானது.

ஆண்டுக்கொரு முறை வந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊரையே கொண்டுவந்து என் மேசையில் கொட்டிவிட்டார். நடுச்சதுக்கத்தில் பெரிய நிழல் மரங்கள், அவற்றின் கீழே மாலையில் சும்மா இருந்து கேட்கிறவர்களுக்காக வாசிக்கும் வாத்தியக்காரர்கள். உள்ளே போனால் சுவரும் கூரையும் பொன்னாய்க் கிடக்கும் ஒரு தேவாலயம். மலையின் தலையைச் சமதளமாக்கி முந்திய காலத்து மக்கள் எழுப்பிய கோயில்கள். மிளகாயும் எள்ளும் கொக்கோவும் அரைத்துக் காய்ச்சுகிற கறுப்புக் குழம்பு. சோள மாவை வாழையிலையில் மடித்து அவிக்கும் பண்டம். யூலையில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் தங்கள் தங்கள் உடுப்போடு வந்து ஆடுமாம். ஆடி முடிந்ததும் தங்கள் ஊரில் விளைந்ததைச் சனத்துக்கு எறிவார்களாம். ஒருமுறை அவர் மடியில் ஒரு அன்னாசி விழுந்ததாம்.

எங்கள் கலியாணங்களில் மடியில் விழுவது அடுத்தவர் வீட்டுக் கதை மட்டும்தான். கலியாணமாகி இத்தனை ஆண்டில் நானும் இவரும் எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறோம். லண்டனில் ஒரு மண்டபம் பார்த்தேன். ஒஸ்லோவில் ஒரு மண்டபம் பார்த்தேன். சுவிசில் மலை இருக்கிறது என்கிறார்கள், நான் பார்த்தது மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கார் தரிப்பிடம். வக்கான்ஸ் என்கிற விடுமுறை எல்லாம் சேலை மாற்றுவதிலும் சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் படுத்து எழும்புவதிலும் போய்விடுகிறது. ஒரே ஒரு முறை, நான் யாருடைய மனைவி, யாருடைய மச்சாள் என்று தெரியாத ஒரு தெருவில் நடக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

இந்த வருடம் தை மாதத்தில், பியர்ஃபித்தில் எங்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வைத்துக் கேட்டேன்.

“இஞ்சாருங்கோ, இந்த யூலை மெக்சிகோவுக்குப் போவம்.”

“அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“பிறகென்னத்துக்கு?”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “நீங்கள் இப்ப குழைச்சுச் சாப்பிடுற கறியிலை கிடக்கிற செத்தல் மிளகாய்க்கு ஊர் அந்த நாடுதான். அங்கையிருந்துதான் உலகமெல்லாம் போனது. உங்களுக்கு இனி ஆர் இருக்க வேணும்?”

“மிளகாய் வந்து எயார்போட்டிலை ஏத்துமோ?” என்றார்.

இவர் கெட்ட மனிதர் இல்லை. பாரிசுக்கு வந்த முதல் நாள் கார் து நோர் ரயில் நிலையத்தில் ஊர்க்காரர் ஒருவர் வந்து நிற்காவிட்டால் தான் என்ன ஆகியிருப்பேன் என்று இப்போதும் சொல்வார். அது எனக்கும் தெரியும். அதற்காக வாழ்நாள் முழுக்க, யாராவது வந்து ஏற்றுகிற ஊருக்கு மட்டும்தான் போவதா? நான் விடவில்லை. மாசி போய்ப் பங்குனி வந்தது. என் கரைச்சல் தாங்காமல் ஓம் என்றார். டிக்கெட்டும் போட்டோம்.

பிறகு அவருடைய தங்கச்சி டொரோண்டோவிலிருந்து கதைத்தாள். “மச்சாள், போற வழிதானே? இஞ்சை இறங்கிப் பிள்ளையின்ரை சாமத்திய வீட்டையும் பாத்திட்டுப் போங்கோவன்.”

எந்த வரைபடத்தில் பார்த்து வழி என்றாளோ தெரியாது. ஆனால் வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு இவர் தாய்மாமன். தாய்மாமன் இல்லாமல் அந்தச் சடங்கு நடக்காது. வர மாட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மண்டபம் கிடைக்கவில்லை என்று நாளைத் தள்ளி வைத்தார்கள். தள்ளியது போதாதென்று, வந்தது வந்தீர்கள், இன்னொரு வீட்டுக் கலியாண எழுத்துக்கும் நில்லுங்கள் என்றார்கள். வஹாக்கா இரண்டு கிழமையிலிருந்து ஒரு கிழமையாகி, மூன்று நாளாகி, கடைசியில் டொரோண்டோ மண்டபத்தில் இடியப்பத்துக்கு வரிசையில் நின்றபோது இவர் என் பக்கம் திரும்பி, “அடுத்த வருசம் பாப்பம்” என்றார். என் கையில் தட்டு இருந்ததால் தப்பினார்.

இந்த ஒக்டோபரில் மெக்சிகோ அக்காவை எந்த முகத்தோடு பார்ப்பது என்று இருந்தேன். வந்தார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு செவ்வந்தி கேட்டார். இவ்வளவும் எதற்கு என்றேன்.

“இந்த முறை அம்மாவுக்கும் சேர்த்து.”

உயிர்த்த ஞாயிறு நேரத்தில் தாய் இறந்துவிட்டாராம். வேலையில் விடுமுறை வாங்கிக்கொண்டு வெளிக்கிட முதலே அங்கே எல்லாம் முடிந்துவிட்டதாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை கிடையாது. “இனி நான் போக மாட்டேன்” என்றார். “அங்கே இப்போது எனக்கு யார் இருக்கிறார்கள்?”

இத்தனை வருடமாக என் காது புளித்த கேள்வி. அதுவும் யார் வாயிலிருந்து. பொறுக்க முடியவில்லை. யார் இல்லை, சதுக்கம் இருக்கிறது, மரம் இருக்கிறது, மலைமேல் கோயில் இருக்கிறது, யூலையில் அன்னாசி எறிகிறார்கள், நீதானே சொன்னாய், நீதானே என்னைப் பைத்தியமாக்கினாய் என்று அரைகுறைப் பிரெஞ்சில் கத்தினேன். அவர் சொல்லித்தந்த இடங்களின் பெயர்களை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். தீபாவளிக்கு வந்த சனம் கூடையோடு நின்று பார்த்தது.

“தங்கச்சி, ஏன் அந்த மனிசியோடை கொழுவுறீர்?” என்று முதலாளி அண்ணை உள்ளேயிருந்து கேட்டார்.

மெக்சிகோ அக்கா கோபிக்கவில்லை. பூவை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “அம்மாவின் வீட்டுத் திறப்பு என்னிடம் இருக்கிறது. போனால் நான்தான் திறக்க வேண்டும். தனியாகத் திறக்க எனக்குப் பயம்.”

பொங்கல் முடிந்த கையோடு, மாசியில் நானும் வருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகு தன் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்தார். பின்னால் நின்ற ஒருவர் கற்பூரம் எங்கே என்று கேட்டார்.

வேலை முடிந்து ரயிலில் போகும்போது முழுக்க இவருடன் எப்படிச் சண்டை பிடிப்பது என்றுதான் யோசித்தேன். அடுத்த வருசமும் இல்லை, அதற்கடுத்த வருசமும் இல்லை, இனி உங்களைக் கேட்க மாட்டேன் என்று வசனமெல்லாம் தயார். சோற்றைப் போட்டுவிட்டு நின்றபடியே சொன்னேன்.

“நான் மாசியிலை மெக்சிகோவுக்குப் போறன்.”

“ஆர் உம்மை அங்கை கூட்டிக்கொண்டு போறது?”

“என்னை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகேல்லை. பூ வாங்க வாற மெக்சிகோ அக்கான்ரை தாய் செத்துப்போனா. வீடு பூட்டிக் கிடக்கு. தனியப் போகப் பயமெண்டு அழுகிறா. நான்தான் அவவைக் கூட்டிக்கொண்டு போறன்.”

இவர் சாப்பிடுவதை நிறுத்தினார். மிளகாய்க்கும் மலைக்கும் அன்னாசிக்கும் அசையாத மனிதர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“செத்த வீட்டுக்கெண்டால் போகத்தானே வேணும்” என்றார். “நானும் வாறன்.”

வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்த சண்டைக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. இத்தனை காலம் நான் சொன்ன ஒரு காரணமும் இவருக்கு ஏறவில்லை. இதை நான் காரணமாகச் சொல்லவே இல்லை.

“தாய்க்கு ஆர் எல்லாம் செய்தது?” என்று கேட்டார். “பிள்ளையும் பக்கத்திலை இல்லாமல், பாவம்.”

அதை நான் கேட்க மறந்திருந்தேன். நாளைக்கு அவவிட்டைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.