மாரிச்செல்வி அட்டை போட்ட புத்தகம்

இன்று ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தபோது எழுந்த அச்சு மை வாசனை, சிவகாசியில் நான் படித்த தொடக்கப் பள்ளிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது. அங்கே நூலகம் என்பது ஐந்தாம் வகுப்பின் மூலையில் நின்ற பச்சை பீரோதான். பங்குனி வெயிலில் அதன் புத்தகங்களையெல்லாம் தரையில் பரப்பி, மைதா பசை கிண்டி, நாங்களே அட்டை போடுவோம். யார் அட்டை போட்டாரோ அவருக்கே அந்தப் புத்தகம் கோடை விடுமுறை முழுக்கச் சொந்தம்.

மாரிச்செல்வியின் அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. அச்சில் கிளிப் படத்தின் மூக்கை விட்டுச் சிவப்பு மை விலகி விழுந்ததால் கழித்துப்போட்ட பட்டாசு லேபிள் தாள்களை, வழவழவென்று, மை மணக்க மணக்க, அவள் சுருட்டிக்கொண்டு வருவாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் என் அம்மா தந்ததோ பழைய செய்தித்தாள். மாரிச்செல்வி தன் தாளை மடிக்கும் சத்தம்கூட எனக்குப் பொறுக்காது. நான் வருடம் முழுக்க ஆசைப்பட்ட திமிங்கிலப் புத்தகம் பெரியது. பெரிய தாள் அவளிடம்தான் இருந்தது. டீச்சர் அந்தப் புத்தகத்தை அட்டை போட அவளுக்கே கொடுத்துவிட்டார்.

கடைசி நாள், வாசலில் அவளை மறித்தேன். விடுமுறை முடிந்ததும் அவள் சாத்தூர்ப் பள்ளிக்குப் போய்விடுவாள்.

“அதுல கடைசிப் பக்கம் இல்ல புள்ள. முடிவே தெரியாது” என்று பொய் சொன்னேன்.

அவள் திமிங்கிலத்தை என் கையில் வைத்துவிட்டு, என் செய்தித்தாள் அட்டைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அப்படிக் கொடுக்க முடிந்ததற்காகவும் அவள்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

“அட்டை போட்டவளுக்குத் தெரியாதா புள்ள, எம்புட்டுப் பக்கம்னு? ஆசையா இருந்தா கேக்க வேண்டியதுதான. கொண்டு போ.”