கட்டாயம் வருவேன் என்று எழுதியவள்

திமிராம்! டயகமத் தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்ப் பீலிக்கரையில் காளியாயி குடத்தை வைத்துக்கொண்டு இன்னும் அதையேதான் சொல்கிறாள். "கெடச்ச படிப்ப ஒதறிட்டா பாருங்க, இந்த டாக்டரம்மா!" நிரோஜினி எதையும் உதறவில்லை. வாக்குக் கொடுத்திருந்தாள். அது வேறு, திமிர் வேறு.

கொழுந்தெடுக்கும் மார்கிரட்டுக்கும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கஸ்பருக்கும் ஒரே மகள் அவள். லயத்து வீட்டின் அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உயர்தரம் படித்தவள். முடிவு வந்தபோது மருத்துவப் படிப்புக்கான வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை கீழே நின்றாள். தூரத்து ஊரில் விவசாயப் படிப்புக்கு இடம் கிடைத்தது. குறித்த தேதிக்குள் பதிய வேண்டும்.

மருத்துவத்துக்கு எடுபட்டவர்களில் யாராவது வராமல் போனால் அடுத்தவர்களை எடுப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது. மார்கிரட் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல பேர் குடுக்குற பெரட்டுல அதுதானேடி நடக்குது? வேலைக்கு வராதவளுக்குப் பதிலா, ஓரமா நிக்கிறவளத்தான கண்டாக்கையா கூப்பிடுறாரு. வீட்டுல குந்தியிருக்கிறவளயா கூப்பிடுவாரு? நீ நிக்கிறது அவங்களுக்குத் தெரிய வேணாமா? ஒரு கடுதாசி எழுது."

"அங்க கண்டாக்கையா இல்லம்மா. புள்ளிதான் கூப்பிடும்."

"புள்ளிக்கு வாயா இருக்கு? எழுதுடி."

கொட்டகலையில் பாடம் சொல்லிக்கொடுத்த சுகந்தன் சேரிடம் தாயும் மகளும் போனார்கள். "வெளிநாட்டுல சில எடத்துல இப்பிடி எழுதுறாங்க, வேற எங்கயும் சேர மாட்டேன்னு. அங்கயே நிச்சயமில்லங்க. இங்க பிரயோசனமே இல்ல. எழுதுறதுல குத்தமில்ல, அவ்வளவுதான்" என்றார் அவர். குத்தமில்லை என்பது மட்டும் மார்கிரட்டின் காதில் விழுந்தது.

நிரோஜினி ஆங்கிலத்தில் எழுதி, தாய்க்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். இடம் தந்தால் கட்டாயம் வருவேன், வேறெந்தப் படிப்பிலும் சேர மாட்டேன். மார்கிரட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கடிதம் பல்கலைக்கழக அனுமதி அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் போனது.

பதியும் தேதி நெருங்கியது. "அந்த விவசாயத்துக்காவது பதிஞ்சு வையி புள்ள" என்றான் கஸ்பர்.

"சேர மாட்டேன்னு எழுதிட்டேனேப்பா. பதிஞ்சா பொய்யாப் போயிரும்."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"கம்பியூட்டர்ல பேரத் தட்டிப் பார்த்தா தெரியாதா?"

கஸ்பர் மனைவியைப் பார்த்தான். ஓரமாக நிற்கிறவள் வேறு மலைக்கு வேலைக்குப் போய்விட்டால் இங்கே எப்படிக் கூப்பிடுவார்கள்? அப்படித்தான் மார்கிரட்டின் நினைப்பு ஓடியது. அவள் அடுப்பை ஊதக் குனிந்தாள். தேதி போய்விட்டது. அந்தக் கடிதம் அங்கே யாரையும் கட்டிப்போடவில்லை. எழுதின பிள்ளையைத்தான் கட்டிப்போட்டது. இதைத்தான் காளியாயி திமிர் என்கிறாள்.

பிறகு பதில் வந்தது. தெரிவு புள்ளிப்படி மட்டுமே, கடிதங்கள் கவனத்தில் எடுக்கப்படமாட்டா. இரண்டே வரி. வெற்றிடங்களுக்கு எடுபட்டவர்களின் பெயர்களும் வந்தன. நிரோஜினி போனில் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"ஓரத்துல பாருடி" என்றாள் மார்கிரட்.

"இதுல ஓரமே இல்லம்மா."

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை. ஹட்டனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக்கொடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, நிரோஜினி தானாகவே பேசி முடித்துவிட்டு வந்தாள். தங்குவதும் அங்கேதான்.

போகிற அன்றைக்குக் காலையில் மலை முழுக்கப் பனிமூட்டம். மார்கிரட் பெரட்டுக்குப் போகவில்லை.

"போங்கம்மா, ஒங்க பேர விட்டுருவாங்க" என்றாள் மகள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

"விடட்டும். வேற எவளாச்சும் நிப்பா." மார்கிரட் பையின் வாரைப் பிடித்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. "கோயில் பெருநாளைக்குக் கட்டாயம் வருவதானே?"

நிரோஜினி படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள்.

"பாக்குறேம்மா" என்றாள். இறங்கிவிட்டாள்.