அண்ணியின் துணி விமானம்

என் அண்ணிக்குப் பொய்ப்பல் செய்கிற வேலை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அண்ணி மெழுகில் வடித்து, பிளாஸ்டரில் பதித்து, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். ஜன்னல் இல்லாத அறை. மேசை முழுக்க அடுத்தவர்களின் ஈறுகள். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்தில் வெள்ளைத் தூசு படிந்திருக்கும். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். அவரை யாருக்கும் தெரியாது.

இதே அண்ணி ஞாயிற்றுக்கிழமை காலையில் விமானம் ஓட்டுவார். சொந்த விமானம்.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பந்தா விடுகிறான் என்று நினைப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பெரிய விமானம் என்று யார் சொன்னது? அலுமினியக் குழாய்களின் மேல் இழுத்துக் கட்டிய துணி இறக்கை. அதற்குக் கீழே மூன்று சக்கர வண்டி. முன்னால் ஓட்டுபவர், பின்னால் இன்னொருவர். அதற்கும் பின்னால் ஒரு எஞ்சின், ஒரு விசிறி. கதவு கிடையாது, கூரை கிடையாது. நானும் அண்ணியும் சேர்ந்து தள்ளினால் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிடும். யாரோ கூடாரம் அடிக்க ஆரம்பித்துப் பாதியில் மனம் மாறிப் போனதுபோல இருக்கும் பார்க்க. ஆனாலும் பறக்கும்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதை சின்னது. கூட வேலை செய்யும் தோழியின் பிறந்தநாளுக்கு, ஊருக்கு வெளியே ஒரு புல் மைதானத்தில், இதே மாதிரி விமானத்தில் ஆளுக்கொரு சவாரி போனார்கள். தோழி வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கினாள். அண்ணி இறங்கவே மாட்டேன் என்றார். பிறகு விடுமுறை நாட்களை எல்லாம் அந்தப் புல் மைதானத்தில் கொட்டி, பயிற்சி முடித்து, உரிமம் வாங்கி, ஊரை விட்டுப் போகிற ஒருவரிடமிருந்து இந்தப் பழைய வண்டியை வாங்கினார். இறக்கையின் தையலை நகத்தால் தடவித் தடவிப் பார்ப்பார். பொய்ப்பல்லின் ஓரத்தைப் பார்க்கிற அதே தடவல்தான்.

என்னை ஒரே ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போனார். காற்று கன்னத்தில் அறைந்தது. கீழே மொட்டைமாடிகளும், காயப்போட்ட துணிகளும், யாரோ கார் கழுவுவதும் தெரிந்தன. நான் அதையெல்லாம் விட்டுவிட்டு எனக்கு முன்னால் இருந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க மேசை மேல் கவிழ்ந்து கிடக்கிற முதுகு அங்கே நிமிர்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்றினால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சிக்கல் என் அண்ணன்தான். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைப் படித்துப் பார்ப்பது அவன் வேலை. காலையிலிருந்து மாலைவரை நசுங்கிய கார், உடைந்த கால், சரிந்த கட்டிடச் சாரம். அப்படிப்பட்டவனுக்கு மனைவி துணியைக் கட்டிக்கொண்டு வானத்துக்குப் போனால் எப்படி இருக்கும்? ஞாயிறு காலை முழுக்க சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "இறங்கிட்டேன்" என்று அண்ணி கூப்பிட்ட பிறகுதான் காபியே குடிப்பான். மைதானத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

போன மாதம் அது சண்டையாக வெடித்தது. அண்ணியின் பல்லை வாங்குகிற டாக்டர் ஒருவர் விமானத்தையும் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரே ஒரு தடவை நான் பின்னால உக்காந்து வரேன். மனசு ஒப்புச்சுன்னா அப்புறம் வாயே திறக்க மாட்டேன். ஒப்பலைன்னா டாக்டருக்குக் குடுத்துடணும். சம்மதமா?"

அண்ணி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு, "சம்மதம்" என்றார். அண்ணி கொடுத்த வாக்கை மாற்றுகிற ஆள் இல்லை.

அடுத்த ஞாயிறு நல்ல வெயில், காற்றே இல்லை. அண்ணி முதலில் தனியாக ஒரு சுற்று போய் இறங்கினார். எஞ்சினை நிறுத்தி, வழக்கப்படி பெட்ரோல் வால்வை மூடினார். அண்ணனைப் பின்னால் உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, மறுபடி வண்டியைச் சோதிக்கத் தொடங்கினார்.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைச் சோதிக்கிறவரிடம் யாரும் பேச மாட்டார்கள். வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்கள். தப்பித் தவறி யாராவது பேசிவிட்டால், எங்கே விட்டாரோ அங்கிருந்து தொடரக்கூடாது. முன் சக்கரத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட பாவத்துக்கு என்னால் அண்ணி எத்தனையோ முறை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

அண்ணனுக்கு இது தெரியாது. பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், "இது எந்த வருஷத்துது?" என்று கேட்டான்.

அண்ணி சிரித்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்த விமானத்தைப் பற்றி அண்ணன் கேட்ட முதல் கேள்வி. பதில் சொன்னார். அவன் இன்னொன்று கேட்டான். அதற்கும் சொன்னார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பினார். நான் ஓரமாக விலகி நின்றேன்.

வண்டி புல்லில் உருண்டது. வேகம் பிடித்தது. இதோ எழும்பப் போகிறது என்று பார்த்தால், சட்டென்று சத்தம் தணிந்தது. மைதானத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. நான் விழுந்தடித்து ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி எஞ்சினை அணைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார். அவர் கை இடுப்போரம் இருந்த பெட்ரோல் வால்வின் மேல் இருந்தது. அதைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டு, எஞ்சின் சத்தம் சரியில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"பெட்ரோல் மூடியிருக்கு" என்றார் அண்ணி. "நான் திறக்கலை. குழாய்ல மிச்சம் இருந்ததை வச்சு இவ்வளவு தூரம் ஓடியிருக்கு. திறந்த ஞாபகம் கைக்கு இல்லையேன்னு தோணுச்சு. நிறுத்திட்டேன்."

"நிறுத்தலைன்னா?"

"மேல போனதும் எஞ்சின் நின்னிருக்கும். மைதானத்துக்குள்ளன்னா இறக்கியிருப்பேன். வேலியைத் தாண்டியிருந்தா... தெரியலைங்க."

அண்ணன் பெல்ட்டைக் கழற்றி இறங்கினான். நான் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டான்.

"நான் பேச்சுக் குடுத்ததாலயா?"

"இல்ல. நீங்க பேசினீங்க, சரி. முதல்ல இருந்து பார்த்திருக்க வேண்டியது நான். தப்பு என்னுது." அண்ணி கீழே இறங்கினார். "டாக்டருக்கு நாளைக்கே போன் பண்ணிடறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உண்மையைச் சொல்ல வேறு நாளே கிடைக்கவில்லையா? அண்ணன் கொஞ்ச தூரம் நடந்து போனான். வேலியைப் பார்த்தபடி நின்றான். திரும்பி வந்தான்.

"இத்தனை வருஷமா ஆபீஸ்ல எத்தனை பேப்பர் படிச்சிருக்கேன்! ரோடு வழுக்குச்சும்பான், பிரேக் பிடிக்கலைம்பான், எதிர்ல வந்தவன் குடிச்சிருந்தான்பான். தப்பு என்னுதுன்னு ஒருத்தனும் எழுதினதில்லை."

அண்ணி இறக்கையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் இனிமே இதுல ஏற மாட்டேன்" என்றான் அண்ணன். "எனக்குப் பயம்னா பயம்தான், அது போகாது. ஆனா நீ விக்காதே."

"இல்லைங்க, சம்மதம்னு சொல்லியிருக்கேன்."

"கேட்டவன் நான்தானே? நானே வேண்டாங்கறேன். இப்பவே தனியா ஒரு சுத்து போயிட்டு வா. இன்னிக்கு விட்டா என் பயம் உனக்கும் ஒட்டிக்கும்."

அண்ணி அவனையே பார்த்தார். எண்ணெய்க் கறை படிந்த கையுறையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கருப்பாகிவிட்டது. மூவருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்தின் கோடிக்குப் போனோம். அண்ணி குனிந்து முன் சக்கரத்தைத் தொட்டார்.

கன்னத்துக் கறையைச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அண்ணன் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினான். அண்ணி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, வால்வைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பி, புல்லை விட்டு மேலே எழும்பும்வரை அந்தக் கையை அவன் எடுக்கவே இல்லை.