இருக்கிற இடம் தெரியட்டும்

ஸ்டுடியோக்காவிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் குறை சொல்லலாம். படத்தில் மூக்கு பெரிதாக விழுந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களைக்கூடச் சிரித்துக்கொண்டே சமாளிப்பாள். “மூக்கு நான் போட்டது இல்லீங்க, நீங்க கொண்டுவந்ததுதான்” என்பாள். ஆனால், “உங்க பொண்ணு கொஞ்சம் ஓவராப் பேசுதே” என்று மட்டும் யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது. அப்படிச் சொன்னவர்கள் படம் எடுத்துக்கொள்ளாமலே வெளியே போயிருக்கிறார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைக்க அவளுக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை.

பெண்ணுக்கு ஐந்து வயது. தெருவில் அவளுக்கு மைக்செட் என்று பெயர். வைத்தது எதிர்க்கடை சைக்கிள் மெக்கானிக். காலையில் கண் விழிப்பதே பாதி வாக்கியத்தில்தான். முன்பாதியைக் கனவிலேயே பேசி முடித்திருப்பாள் போலிருக்கிறது. “அதனாலதாம்மா மீனுக்கு முட்டி வலிக்கவே வலிக்காது” என்றபடி எழுந்து உட்காருவாள். பல் தேய்க்கும்போதும் பேச்சு நிற்காது. நுரையெல்லாம் கண்ணாடியில் தெறிக்கும். ஸ்டுடியோக்கா ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “சரி, தவளைக்கு வலிக்குமா?” என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிஜமாகவே காத்திருப்பாள்.

கடை சின்னதுதான். முன்னறையில் பிரிண்டரும் லேமினேஷன் மிஷினும். பின்னறையில் வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்குகள், ஒரு சுழல் ஸ்டூல். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள். சிரிக்கக் கூடாது, காது தெரிய வேண்டும், வாயை மூடியிருக்க வேண்டும். இந்தச் சட்டத்தையெல்லாம் அம்மா சொல்வதற்கு முன்னால் மைக்செட் சொல்லிவிடுவாள்.

“சிரிக்காதீங்க அங்கிள். சிரிச்சா ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டாங்க. எங்கப்பா சிரிச்சிட்டாரு, அதான் லாரி ஓட்டறாரு.”

அங்கிள் சிரித்துத் தொலைப்பார். மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். அதற்காக ஸ்டுடியோக்கா அலுத்துக்கொண்டதே இல்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை உம்மென்ற முகங்களை எடுப்பதுதான் அவள் பிழைப்பு. நடுவில் ஒருத்தர் சிரித்தால் அவளுக்கு அன்றைய பொழுது நன்றாகப் போனதாகக் கணக்கு.

வாய் மட்டுமா? ஒருநாள் மைக்செட் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் போய் நின்றுகொண்டிருந்தாள். கீழே கூட்டம் கூடிவிட்டது. ஸ்டுடியோக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். முதலில் மகளின் கணுக்காலை இறுக்கிப் பிடித்தாள். மூச்சு வந்த பிறகு, “எதுக்குடி ஏறினே?” என்றாள்.

“மேகத்துக்குக் கிட்டப் போனா ஈரமா இருக்குமான்னு பாக்கத்தாம்மா.”

“இருந்துச்சா?”

“இல்ல. இன்னும் கொஞ்சம் பெரிய தொட்டியா வேணும்.”

இறங்கியதும் ஏணியைத் தூக்கி அறைக்குள் வைத்துப் பூட்டினாள். ஆனால் அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அதைக் கேட்ட நாத்தனார், “பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது” என்று முகத்தைச் சுளித்தாள். “அளவா வெட்டிவிடறதுக்கு வாய் என்ன நகமா அண்ணி?” என்று கேட்டாள் ஸ்டுடியோக்கா. நாத்தனார் அப்புறம் இரண்டு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. வராதது நல்லதுதான்.

இந்த வீம்புக்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டுடியோக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது, வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவளுடைய அம்மா சொல்லிக்கொண்ட பெருமை ஒன்றே ஒன்றுதான்: “இவ இருக்கிற இடமே தெரியாது.” வந்தவர்களும் தலையாட்டிப் பாராட்டுவார்கள். அவளும் அதைப் பெருமை என்று நம்பிக் கதவு மறைவிலும் மூலையிலுமாகவே வளர்ந்தாள். படிப்பை நிறுத்தியபோதும் வாய் திறக்கவில்லை. ஒரு ஸ்டுடியோவில் படம் வெட்டும் வேலைக்கு அனுப்பியபோதும் திறக்கவில்லை. முதலாளி கடையை மூடப்போன நாளில், “நான் எடுத்து நடத்தறேன்” என்றாளே, அதுதான் அவள் வாழ்நாளில் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம். அதைச் சொல்வதற்கே அத்தனை வருஷம் பிடித்தது. தொட்டிலில் கிடந்தபோதே ஊரைக் கூட்டிய மகளைப் பார்த்து, “கத்துடி. நீ இருக்கிற இடம் நாலு தெருவுக்குத் தெரியட்டும்” என்று அவள் சொன்னது வேடிக்கைக்கு அல்ல.

மைக்செட்டைத் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. தலைமை டீச்சர் கெட்டவர் இல்லை. ஒரு வகுப்பு முழுக்கப் பொடிசுகளை வைத்துக்கொண்டு மேய்க்கிறவருக்குத் தொண்டையும் போய்விட்டது, பொறுமையும் போய்விட்டது. மைக்செட்டோ கணக்குப் பாடத்தின் நடுவில் எழுந்து, பல்லி எப்படி விழாமல் நிற்கிறது என்று சுவரில் ஒட்டிக் காட்டியிருக்கிறாள். அவளைப் பார்த்து முன்வரிசை முழுக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டதாம்.

“வீட்டுல கொஞ்சம் அடக்கி வைங்க. மத்த பிள்ளைங்க படிக்க வேணாமா?” என்றார் டீச்சர்.

நியாயமான கேள்விதான். தவிர, அந்தப் பள்ளிக்கூடத்தின் எல்லா வகுப்புக்கும் வருஷா வருஷம் படம் எடுப்பது ஸ்டுடியோக்கா. கடை தள்ளாடாமல் நிற்பதே அந்த வேலையால்தான். டீச்சர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? “பேசற வயசு டீச்சர், பேசட்டும்” என்று சொல்லிவிட்டு வந்தாளே தவிர, அந்த வேலை போனால் எத்தனை பாஸ்போர்ட் படம் எடுத்தால் ஈடாகும் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டாள்.

டீச்சர் வேறு வழி கண்டுபிடித்தார். பள்ளி முற்றத்துக் கம்பத்தில் பெரிய மணி ஒன்று தொங்கும். வாரம் முழுக்க வாயில் விரலை வைத்துப் பேசாமல் இருக்கிற பிள்ளை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கயிற்றை இழுத்து மணி அடிக்கலாம். சத்தம் போடாமல் இருந்தால் சத்தம் போடவிடுவார்களாம்! கேட்கவே விசித்திரமாக இருக்கிறது. ஆனால் மைக்செட்டுக்கென்றே செய்து போட்ட தூண்டில் அது. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறுகிறவள் மணிக்கயிறு என்றால் விடுவாளா? வாயில் விரலை வைத்தாள், வைத்ததுதான்.

முதல் வெள்ளிக்கிழமை கயிற்றோடு கயிறாகத் தொங்கி அவள் மணி அடித்ததைப் பார்த்து ஸ்டுடியோக்காவும் கைதட்டினாள். அடுத்த வாரமும் மணி வேண்டும் என்று ஆயிற்று. அதற்கடுத்த வாரமும். வீட்டில் பேசினால் பள்ளிக்கூடத்தில் தவறிப்போய் வாய் வந்துவிடும் என்று வீட்டிலும் விரல் ஏறியது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினாள். கடைக்கு வருகிறவர்கள் உம்மென்று வந்து, உம்மென்று உட்கார்ந்து, உம்மென்று எழுந்து போனார்கள். ஒரே தடவையில் படம் சரியாக வந்தது. அது என்னவோ ஸ்டுடியோக்காவுக்குத் தாங்கவில்லை.

அவள் கணவர் லாரியில் இருந்து சாயங்காலம் தவறாமல் போன் செய்வார். மகளிடம் கொடுத்தால் அன்றைய கதை முழுவதும் வரும். அவர் “ம்” கொட்டுவதோடு சரி. இப்போது அவர்தான், “ஹலோ, ஹலோ” என்று கத்தினார். ஸ்டுடியோக்கா போனை வாங்கினாள்.

“என்ன, லைன் கட்டாயிடுச்சா?” என்றார்.

“லைன் இருக்கு. உங்க பொண்ணுதான் இல்ல” என்றாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த குழந்தை கடை சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்திலும் விரல் உதட்டின்மேல் இருந்தது. ஸ்டுடியோக்கா மெதுவாக எடுத்துவிட்டாள். அது தானாகத் திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்று சாயங்காலம் தலைமை டீச்சர் வேறு, “இப்பல்லாம் உங்க பொண்ணு இருக்கிற இடமே தெரியல, ரொம்ப சந்தோஷம்” என்று வாய் நிறையப் பாராட்டினார். ஸ்டுடியோக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டாள்.

வகுப்புப் படம் எடுக்கிற நாள் வந்தது. முற்றத்தில் பெஞ்சு போட்டுப் பிள்ளைகளை மூன்று வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். நடுவில் நாற்காலியில் தலைமை டீச்சர். ஸ்டுடியோக்கா ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்திக் குனிந்தாள்.

“எல்லாரும் ரெடியா?” என்றார் டீச்சர்.

அந்தக் குரல் ஒன்று போதாதா? அத்தனை விரலும் வாய்க்குப் போயிற்று. டீச்சர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. முன்வரிசை ஓரத்தில் மைக்செட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் அம்மாவைப் பார்த்தது.

“டீச்சர், பிள்ளைங்கள விரல எடுக்கச் சொல்லுங்க.”

டீச்சர் திரும்பிப் பார்த்து, “கைய மடியில வைங்க!” என்று அதட்டினார். வைத்தார்கள். முன்னால் திரும்பி “ரெடி” என்றார். விரல்கள் ஏறிக்கொண்டன. மறுபடி அதட்டல், மறுபடி ரெடி, மறுபடி விரல். பின்வரிசையில் ஒருவன் அவசரத்தில் பக்கத்தில் இருந்தவன் வாயில் தன் விரலை வைத்துவிட்டான்.

டீச்சருக்கு வியர்த்துவிட்டது. “பரவாயில்ல, அப்படியே எடுத்துடுங்க. ஒழுக்கமான பிள்ளைங்கன்னு தெரியும்” என்றார்.

“எடுக்க மாட்டேன் டீச்சர்.”

“என்னது?”

“கொஞ்ச நேரம் பேச விடுங்க. விரல் தானா இறங்கும். அப்புறம் எடுக்கறேன்.”

“கடையில நாள் பூரா வாய மூடச் சொல்லித்தானே எடுக்கறீங்க?”

“அது பிழைப்பு டீச்சர். அவங்க ஸ்டூல விட்டு எழுந்ததும் பேசிட்டுத்தான் போறாங்க. இதுங்க வீட்டுக்கு வந்தும் பேசறதில்ல. என் பொண்ணு தூக்கத்துலகூட விரல் வச்சுக்கறா. இத என்னால படமா எடுக்க முடியாது.”

“அப்ப அடுத்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கறோம்!” டீச்சரின் குரல் ஏறியது. “நானும் எவ்வளவுதான் பொறுத்துக்கறது? பொண்ணுக்கும் அடக்கம் இல்ல, அம்மாவுக்கும் இல்ல!”

கடை மொத்தமும் ஸ்டுடியோக்காவின் கண்முன் வந்து போயிற்று. போனால் போகட்டும் என்று கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை; வரவழைக்கவும் அவள் முயலவில்லை.

“டீச்சர்!”

மைக்செட் பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தாள். வாயில் விரல் இல்லை.

“எங்கம்மாவத் திட்டாதீங்க டீச்சர். திட்டியும் பிரயோஜனம் இல்ல. அவங்க மாட்டேன்னா மாட்டேன்தான். நாய்க்குட்டி கேட்டு நான் எவ்வளவு நாள் அழுதேன் தெரியுமா? தரையில உருண்டுகூடப் பாத்துட்டேன். அந்தக் குட்டிக்கு ஒரு காது மட்டும் கறுப்பு டீச்சர். அதுக்கு நான் பேர்கூட வச்சுட்டேன். அப்புறம் அது என்ன பண்ணுச்சுன்னா…”

முதலில் ஒரு பிள்ளை களுக்கென்றது. பிறகு பெஞ்சே குலுங்கியது. எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது, எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது, எங்கள் மாமாவைக் கோழி கொத்தியது என்று ஆளுக்கு ஒரு பக்கம் கிளம்பிவிட்டார்கள். விரல் வைக்க ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஸ்டுடியோக்கா அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள். படத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய் திறந்திருந்தது. நாற்காலியில் இருந்து பாதி எழுந்த தலைமை டீச்சருக்கும் திறந்துதான் இருந்தது.

“இந்தப் படம் எங்களுக்கு வேணாம்” என்றார் டீச்சர், முகம் சிவக்க. “மணியும் இனிமே உங்க பொண்ணுக்குக் கிடையாது.”

ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோக்கா தெருவில் இறங்கினாள். கொஞ்ச தூரம் போனதும், “மணி போயிடுச்சே, வருத்தமா இருக்கா?” என்று கேட்டாள்.

மைக்செட் யோசித்தாள். “மணி நல்லாத்தாம்மா இருந்துச்சு. ஆனா அது எப்பப் பாத்தாலும் ஒண்ணையேதான் சொல்லுது.” பிறகு, “நாளைக்கும் டீச்சர் திட்டுவாங்களா?” என்றாள்.

“திட்டுவாங்க.”

“உன்னையுமா?”

“என்னையும்தான்.”

“அப்ப சரி. ரெண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்கிக்கலாம்.”

ஸ்டுடியோக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

“வாங்கிக்கலாம்டி” என்றாள். “நீ அந்த நாய்க்குட்டி கதையச் சொல்லு. அப்புறம் அது என்ன பண்ணுச்சு?”