மறுபக்கத்துப் பதில்

அம்மாவின் குரல் உலகத்திலேயே ஒரே ஒரு கேசட்டில்தான் இருந்தது. மலேசியாவில், கோல சிலாங்கூர் எஸ்டேட்டு லயத்தில் இருந்த காலத்தில், தமிழ்நாட்டுச் சித்தப்பா வீட்டுக்குக் கடிதம் எழுதமாட்டோம். பேசிப் பதிவு செய்து அனுப்புவோம். ஒரு பக்கம் நாங்கள். மறுபக்கம் அவர்கள் பதில் பேசித் திருப்பி அனுப்ப வேண்டும். மற்றவற்றில் வாயே திறக்காத அம்மா, அந்த ஒரு கேசட்டில் மட்டும் எங்களையெல்லாம் வெளியே துரத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசினாள்.

திரும்பி வந்த பதிலையும் தனியாகவே கேட்டுவிட்டு, அதைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிச் சுற்றி, பிஸ்கட் டின்னில் படுக்கப் போட்டு வைத்தாள். பத்திரமாம்! அந்தப் பைக்குள்தான் ஈரம் தங்கியது. அவள் இறந்த பிறகு திறந்து பார்த்தால் சுருளெல்லாம் வெள்ளைப் பூஞ்சை.

எனக்குப் பொறுமை கிடையாது. ஆனாலும் ரவாங்கில் என் வீட்டு மேசைமுன் உட்கார்ந்து, திருகுகளைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நாடாவைச் சாண் சாணாகத் துடைத்தேன். வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றினேன். அம்மா என்னை ஒருநாளும் மெச்சியதில்லை. திட்டாக இருந்தாலும் சரி, அந்தக் குரலைக் கேட்டால் போதும் என்றிருந்தது.

கெர்லிங்கிலிருந்து தங்கை வந்ததும் போட்டோம். வெறும் இரைச்சல்.

“சவுண்ட கூட்டுங்கண்ணே.”

கூட்டினேன். இரைச்சல்தான் கூடியது. படுத்தே கிடந்த கேசட்டில் ஈரம் கீழ் விளிம்பைத் தின்றுவிட்டது. நாடாவின் கீழ்ப்பாதியில் அம்மா, மேல்பாதியில் பதில்.

“அந்தப் பக்கமாச்சும் போட்டுப் பாருங்க லா.”

சித்தியின் குரல் கணீரென்று வந்தது. “அக்கா, முதுகு வலின்னு சொன்னீங்களே, எண்ண தேய்ச்சீங்களா?” அம்மாவுக்கு முதுகு வலி இருந்ததே எங்களுக்குத் தெரியாது. தங்கை அழ ஆரம்பித்தாள். சும்மா இரு என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

பிறகு சித்தி சொன்னாள்: “பெரியவனப் பத்தி நீங்க பேசினதத்தான் அக்கா, நானும் அவரும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். கண்ணு கலங்கிப் போச்சு. எங்ககிட்டச் சொன்னத அவங்கிட்டயும் ஒரு தடவ சொல்லிடுங்க.”

பெரியவன் நான்தான். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டுத் தெரிந்துகொள்ளச் சித்தப்பாவும் இல்லை, சித்தியும் இல்லை.

அந்தப் பதில் வந்த பிறகும் அம்மா எத்தனையோ வருடம் என்னோடுதான் இருந்தாள். சோறு போட்டாள், நேரத்துக்கு வீட்டுக்கு வரவில்லையென்று திட்டினாள். அதை மட்டும் சொல்லவேயில்லை.