காற்றைக் கேட்பவள்

அனுப்பம்பட்டில் என்னோடு காலை ரயில் ஏறும் அந்தப் பெண் ஒல்லி. பேச்சு வெடுக்கென்று இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன்பிடிக்கும் அப்பாவுக்குப் போன் போடுவாள். "நைனா, காத்து இன்னா?" என்பாள். பதில் வந்ததும் வைத்துவிடுவாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டாள்.

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன். "அப்பாகிட்ட பேச வேற ஒன்னுமே இல்லையாம்மா?"

"கடலுக்குக் கெளம்பற ஆள எங்க போற, எப்ப வருவனு கேக்கக் கூடாதுக்கா. குப்பத்துல பொறந்த நானே ஒரு நாள் பயத்துல கேட்டுட்டேன். படக கரையிலயே போட்டுட்டாரு, அன்னிக்குக் கடலுக்கே போகல. அப்புறம் எங்கிட்ட பேச்சே இல்ல. நானும் உடல. தெனம் போன் போட்டேன், 'உம்'முனு வெச்சிடுவாரு. ஒரு நாள் காத்து இன்னானு கேட்டேன், வாயத் தொறந்தாரு. அத்தயே புடிச்சிக்கினேன்."

"அதுல என்ன தெரியும்?"

"வாடைனு கத்தி சொன்னா நல்லாகீறாரு. மெதுவா சொன்னா ஒடம்பு முடியல. சாயங்காலம் நேரா குப்பத்துக்குப் போயிடுவேன்."

அடுத்த வாரம் ரயில் கிளம்பியதும் அவள் போன் அடித்தது. அவராகக் கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் குரல் எனக்கும் கேட்டது.

"அங்க காத்து இன்னாமா?"

அவள் சட்டென்று கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். ஓடுகிற ரயிலில் எல்லாம் எதிர்க்காற்றுதான்.

"இரு நைனா, வண்டி நிக்கட்டும். பாத்து சொல்றேன்."

மீஞ்சூர் வரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.